தேனி ரோட்டில் பழைய பைக்கோடு போகிறவர்கள் கவனத்துக்கு: பெட்ரோல் ஒழுகினால் உடனே கார்ப்ரேட்டரை மாற்றச் சம்மதிக்காதீர்கள்

மதுரையிலிருந்து தேனி, போடி பக்கமோ, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கோ பழைய பைக்கில் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். ரோட்டோரப் பட்டறைக்காரர்களில் பெரும்பாலானவர்கள் நேர்மையாக வேலை பார்ப்பவர்கள்தான். ஆனால் வெளியூர் ஆள், பழைய வண்டி, கீழே சொட்டும் பெட்ரோல் மூன்றையும் ஒன்றாகப் பார்த்ததும், "கார்ப்ரேட்டர் போச்சு சார், மாத்தினாத்தான் சரியாகும்" என்று ஆரம்பிக்கிற இடங்களும் இருக்கின்றன.

அப்படி ஏமாற்றப்பட்ட ஒருவரின் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் சமீபத்தில் என் கைக்கு வந்தது. நிறுத்திய இடத்தில் ஓவர்ப்ளோ டியூபில் (கார்ப்ரேட்டரில் பெட்ரோல் அளவு மீறினால் வெளியேற்றும் குழாய்) சொட்டியிருக்கிறது. பட்டறையில் மிக்குனி கம்பெனி கார்ப்ரேட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு, பெயரே இல்லாத டூப்ளிகேட் ஒன்றை மாட்டி, பெட்ரோல் ஓஸை மாற்றி, டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடுகிற டேப்பையும் "சீல்" பண்ணி 3,800 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். பில் கிடையாது. பழைய சாமானைக் கேட்டதற்கு, "அது குப்பை சார்" என்று பதில். ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போதே மறுபடியும் ஒழுக்கு.

கார்ப்ரேட்டர் கப்பை, அதாவது பெட்ரோல் தேங்கும் அடிக்கிண்ணத்தை, திறந்தால் அடியில் செம்பழுப்பாகத் துருத்தூள் படிந்திருந்தது. புளோட் என்கிற மிதவை மேலேறும்போது பெட்ரோல் வரத்தை அடைக்கிற ஊசி உட்காரும் துளையில் வெள்ளை நூல் மாதிரி ஒன்று சுருண்டு கிடந்தது. டேப்புக்கும் டேங்குக்கும் நடுவில் அப்பிய சிலிக்கான் பசைதான் அது. சிலிக்கான் பெட்ரோலில் ஊதிப் பிய்ந்துவிடும். பிய்ந்தது நேராகக் கார்ப்ரேட்டருக்குத்தான் போகும். டேப்பின் மேல்குழாயில் இருக்க வேண்டிய வலையையே காணோம். ஆக, கோளாறு டேங்கில் இருந்த துரு. அதை யாரும் பார்க்கவில்லை. நல்ல கார்ப்ரேட்டர்தான் போனது. ஆர்எக்ஸ் 100 இங்கே தயாரானது 1985 முதல் 1996 வரைதான். அதோடு வந்த கார்ப்ரேட்டர் தொலைந்தால் அதே தரத்தில் இன்னொன்று தேடிப்பிடிப்பது பெரும்பாடு. அதனால்தான் அதன் மேல் கண் வைக்கிறார்கள்.

ஒழுகினால் முதலில் இன்ஜினை அணைத்து டேப்பை மூடுங்கள். வண்டியை டீக்கடை அடுப்புக்கும் சிகரெட்டுக்கும் தூரமாகத் தள்ளிக்கொண்டு போய், சைலன்சர் ஆறும்வரை எதையும் தொடாதீர்கள். பிறகு ஈரத்தைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு டேப்பைத் திறந்து, ஈரம் முதலில் எங்கே வருகிறது என்று மேலிருந்து கீழே பாருங்கள். பெட்ரோல் வழிந்து ஓடிச் சொட்டுவது ஓரிடம், ஒழுகுவது வேறிடம். இந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்காமல் ஸ்பானரை எடுப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

டேப் கைப்பிடியைச் சுற்றி ஈரம் என்றால் உள்ளே இருக்கும் துளை போட்ட ரப்பர் வாஷர் போயிருக்கிறது. டேப்பும் டேங்கும் சேரும் இடம் என்றால் ஓ-ரிங். அந்த இடத்தில் சிலிக்கானும் வேண்டாம், பிளம்பர்கள் சுற்றுகிற வெள்ளை டெஃப்லான் நாடாவும் வேண்டாம். இரண்டுமே துணுக்காகி உள்ளே இறங்கும். கப்பும் கார்ப்ரேட்டர் உடலும் சேரும் கோட்டில் கசிந்தால் கேஸ்கெட். இவை எல்லாமே சின்ன ரப்பர் சாமான்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால், அதற்கென்று செய்யாத பழைய ரப்பர் ஊதுவதும் விறைப்பதும் வெடிப்பதும் கூடியிருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். நாள்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியின் டேங்க் அடியில் துரு பிடிக்க அதுவும் ஒரு காரணம்.

ஓவர்ப்ளோ டியூபில் சொட்டுவதில்தான் ஏமாற்று வேலை அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பல கெய்ஹின் கம்பெனி கார்ப்ரேட்டர்களில், கப்பிலிருந்து பெட்ரோலை வடிக்க வைத்திருக்கும் ட்ரெயின் ஸ்க்ரூ வழியாக வருவதும் ஓவர்ப்ளோவும் ஒரே முனையில்தான் வெளியே வரும். முதலில் அந்த ஸ்க்ரூ லூஸாக இருக்கிறதா பாருங்கள். மெதுவாக இறுக்கினால் போதும், முரட்டுத்தனமாக இறுக்கினால் மரை போய்விடும். அப்படியும் சொட்டினால் ஊசி சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம், பெரும்பாலும் தூசி. டேப்பை மூடி, கீழே ஒரு பாத்திரம் பிடித்து, ட்ரெயின் ஸ்க்ரூவைத் திறந்து கப்பைக் காலி செய்யுங்கள். ஸ்க்ரூ திறந்தே இருக்க, டேப்பை இரண்டு மூன்று விநாடி திறந்து மூடுங்கள். வேகமாக வரும் பெட்ரோல் தூசியை இழுத்துக்கொண்டு போகும். பிறகு ஸ்க்ரூவை மூடி, கப்பின் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டி டேப்பைத் திறந்து பாருங்கள். பாதி வண்டிகள் இதிலேயே ஊர் வந்து சேர்ந்துவிடும்.

டேப்பை மூடி வெகுநேரமாகியும் சொட்டு நிற்காவிட்டால் டேப்பும் சரியாக மூடவில்லை.

தட்டியும் நிற்கவில்லை என்றால் கப்பைக் கழற்றித்தான் ஆகவேண்டும். ஊசியின் ரப்பர் நுனியில் வளையமாகப் பள்ளம் தெரிந்தால் ஊசியை மாற்ற வேண்டும். புளோட்டைக் காதருகே குலுக்குங்கள். சளக்கென்று சத்தம் கேட்டால் உள்ளே பெட்ரோல் ஏறியிருக்கிறது, அது இனி மிதக்காது. இரண்டும் சரியாக இருந்தால் கப்புக்குள் நிற்கும் பித்தளை ஓவர்ப்ளோ குழாயில் மயிரிழைக் கீறல் இருக்கிறதா பாருங்கள். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. ஊசி கிட், புளோட், கேஸ்கெட் எல்லாம் சேர்த்தாலும் சில நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை.

இங்கே ஒரு ஆபத்தான குறுக்குவழி உண்டு. ஊசியை மாற்றாமல், புளோட்டில் ஊசியை அழுத்தும் சின்னப் பித்தளைத் தகட்டைக் குத்துமதிப்பாக வளைத்து, கப்பில் பெட்ரோல் மட்டத்தைக் குறைத்துவிடுவார்கள். ஒழுக்கு அப்போதைக்கு நிற்கும், காசும் கைமாறிவிடும். ஆனால் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரைத் திருகும்போது இன்ஜினுக்குப் பெட்ரோல் பற்றாது. பிளக் வெளுக்கும், சூடு ஏறும், டூ ஸ்ட்ரோக் என்றால் பிஸ்டன் பிடித்துவிடும். அந்தத் தகட்டில் பிளையர் பட்ட புதுக் கீறல் தெரிந்தால் கேள்வி கேளுங்கள்.

ஒழுக்கே இல்லாததற்கும் காசு பிடுங்குவார்கள். மலைச்சரிவில் சைடு ஸ்டாண்டில் அதிகமாகச் சாய்த்து நிறுத்தினால் நல்ல கார்ப்ரேட்டரிலும் ஓவர்ப்ளோ வரும். நேராக நிமிர்த்தினால் நின்றுவிடும். காலையில் மூடி வரை நிரப்பிய டேங்க் சித்திரை வெயிலில் நின்றால் மூடியில் கசியும். 10 லிட்டர் பெட்ரோல் 15 டிகிரி கூடுதல் சூட்டில் ஏறக்குறைய 140 மில்லி விரியும். அதற்காக மூடியையோ டேங்கையோ மாற்ற வேண்டியதில்லை, விரல் கடை அளவு குறைத்து நிரப்பினால் போதும்.

டேங்கில் ஊசித்துளை ஓட்டை என்றால் பார் சோப்பைத் தேய்த்து அடைத்துக்கொண்டு ஊர் வந்து சேருங்கள். சோப்பு பெட்ரோலில் கரையாது. வழியில் வெல்டிங் வைக்கச் சொல்பவரிடம் நிற்கவே நிற்காதீர்கள். காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். பலமுறை தண்ணீர் விட்டு அலசி ஆவியை முழுதாகப் போக்கிய பிறகு, விவரம் தெரிந்தவர் மட்டும் செய்ய வேண்டிய வேலை அது.

மீன் தொட்டிக்குப் போடுகிற, கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் டியூபைப் பெட்ரோல் ஓஸ் என்று மாட்டுவார்கள். சூட்டில் இளகி நழுவும், சில வாரத்தில் விறைத்து வெடிக்கும். பெட்ரோலுக்கென்று விற்கிற கறுப்பு ரப்பர் ஓஸ் அரை மீட்டர், நான்கு கிளிப், ஊசி கிட் ஒன்று, கப் கேஸ்கெட், டேப் வாஷர், ஸ்க்ரூ தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், 10-ம் நம்பர் ஸ்பானர் இவ்வளவையும் சீட்டுக்கடியில் போட்டுக்கொள்ளுங்கள். சாமான் உங்களுடையது என்றால் கூலி மட்டும்தான் பேச்சு.

வேலை தொடங்கும் முன்பே கார்ப்ரேட்டரில் வார்த்திருக்கும் பெயரையும் எண்ணையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். "அண்ணே, பழைய சாமான் எல்லாத்தையும் கவர்ல போட்டுக் கொடுத்துருங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பில் கேளுங்கள், பில் இருந்தால்தான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்து நுகர்வோர் புகார் கொடுப்பதில் பலன் இருக்கும்.

நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஓவர்ப்ளோ குழாய் அடைத்திருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாமல் இன்ஜினுக்குள் இறங்கி ஆயிலோடு கலக்கும். டிப் ஸ்டிக்கில் மட்டம் கூடியிருந்தாலோ பெட்ரோல் வாசம் அடித்தாலோ கிக்கரை மிதிக்காதீர்கள். நீர்த்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. முதலில் ஒழுக்கைச் சரிசெய்து, ஆயிலை முழுதாக இறக்கிப் புதிதாக ஊற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.