பருவுக்கு கெமிக்கல் பீல்: பாலக்காட்டில் நான்கு அமர்வுகள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை மகளைப் பாலக்காட்டுக்கு அழைத்துச் சென்று, ஒரு தோல் மருத்துவரிடம் பருவுக்காக நான்கு அமர்வுகள் கெமிக்கல் பீல் (அமிலம் பூசித் தோலின் மேலடுக்கை உரியவைக்கும் சிகிச்சை) செய்துகொண்டோம். ஓர் அமர்வுக்கு 1,800 ரூபாய் ஆனது. கொடுத்த பணத்துக்குப் பலன் கிடைத்தது.

அவளுக்கு நெற்றியிலும் மூக்கோரத்திலும் கரும்புள்ளிகளும் பொடிப் பருக்களும், கன்னங்களில் பழைய பருக்கள் விட்டுச்சென்ற கறுப்பும் இருந்தன. மருத்துவர் 30 சதவீத சாலிசிலிக் அமிலத்தைத் தேர்ந்தெடுத்தார். எண்ணெயில் கரையும் தன்மை கொண்டதால் அது தோல் துளைகளுக்குள் இறங்கி அடைப்பைத் தளர்த்துகிறது. சில நிமிடங்களில் வெண்மையாகப் படிந்து தானாகவே அடங்கியும் விடுகிறது. பீலுக்குப் பயன்படும் இன்னோர் அமிலமான கிளைகாலிக் அமிலத்தையோ நேரம் பார்த்து நடுநிலைப்படுத்தியாக வேண்டும். தாமதித்தால் தோல் வெந்துபோகும், நம் போன்ற மாநிறத் தோலில் அந்தப் புண் கறுத்தும் போகும். இது எனக்கு ஏற்கெனவே தெரியும். சென்ற ஆண்டு எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், ஓர் அழகு நிலையத்தில் எதையும் விசாரிக்காமல் பூசிவிட்ட பீலால், அவள் தாடையில் விழுந்த கறுப்பு மறைய ஐந்து மாதமாயிற்று.

இங்கோ ஆஸ்பிரின் ஒவ்வாமை உண்டா, என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறாள் என்று கேட்ட பிறகே பாட்டிலைத் திறந்தார்கள். பாலக்காட்டுக் கணவாயின் கோடை வெயில் கடந்து ஆடி மழையில் தொடங்கலாம் என்று மருத்துவர் சொன்னதையும், மழை நாளிலும் சன்ஸ்கிரீனை விடக்கூடாது என்று வற்புறுத்தியதையும் நான் மிகவும் மதிக்கிறேன்.

எரிச்சல் ஐந்தாறு நிமிடம் இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து தோல் மெல்லியதாக உரிந்தது. இரண்டாம் அமர்வுக்குப் பின் கரும்புள்ளிகள் வெகுவாகக் குறைந்தன, நான்காவதற்குள் கறுப்பும் மங்கியது. ஆனால் இதைப் பீல் மட்டுமே செய்ததாகச் சொல்ல மாட்டேன். பருவுக்காக இரவில் பூசும் அடாபலீன் என்ற களிம்பை, ஒவ்வோர் அமர்வுக்கும் சில நாள் முன்பு நிறுத்தியது தவிர, அவள் தொடர்ந்து பூசிவந்தாள். அதை விட்டுவிட்டுப் பீலை மட்டும் நம்பினால் பரு திரும்ப வரும் என்று மருத்துவரே சொன்னார். தோலுக்கடியில் வலியோடு கட்டிகட்டியாக வரும் பருவுக்கு இது போதாது. அதற்கு மாத்திரை வேண்டியிருக்கும்.

அவள் கன்னத்தில் இரண்டு குழிகள் அப்படியே இருக்கின்றன. மேலோட்டமான பீலால் அவை நிரம்பாது என்று மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார்.