மேடைக்கு ஒரு கேக், கைக்கு ஒரு கேக்

தங்கச்சி கல்யாணம் நாகர்கோவிலில், ஈஸ்டர் முடிந்த மே மாதத்தில். காலையில் கோயிலில் ஆராதனை, மதியம் ஏசி இல்லாத மண்டபத்தில் வரவேற்பு, 450 பேருக்கு பிரியாணி. சமையல், பந்தல், வேன், பூ எல்லாவற்றுக்கும் கணக்கு முடித்த பிறகுதான் கேக் ஞாபகம் வந்தது. முதலில் விசாரித்த இடத்தில் சொன்ன தொகையைக் கேட்டு அத்தை, "மக்கா, இது கேக்கா, கட்டில் பீரோவா?" என்றார். அப்புறம் மூன்று வாரம் நானும் அத்தையும் பேக்கரி பேக்கரியாக ஏறி இறங்கினோம். கீழே வரும் விலைகள் அப்போது எங்களிடம் சொல்லப்பட்டவை. உங்கள் ஊரில் மாறும். ஒன்றுக்கு மற்றொன்று எத்தனை மடங்கு என்பதை மட்டும் பாருங்கள்.

அலைந்ததில் எனக்குப் புரிந்தது இதுதான். கல்யாணக் கேக்குக்கு இரண்டு வேலை. ஒன்று, மேடையில் பத்து நிமிடம் நின்று படத்தில் விழுவது. இன்னொன்று, வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு துண்டாகப் போய்ச் சேர்வது. இரண்டையும் ஒரே கேக்கிடம் கேட்கும்போதுதான் காசு பறக்கிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். மேடையில் பிரம்மாண்டமாகத் தெரிகிற மூன்றடுக்கு கேக், பெரும்பாலும் 10, 8, 6 இஞ்ச் வட்டங்கள்தான். ஒரு இஞ்ச் அகலம், இரண்டு இஞ்ச் நீளம் என்று சிறு துண்டாக வெட்டினால், கேக் தொழிலில் வழக்கமாக வைக்கும் கணக்குப்படி கீழடுக்கில் 38, நடுவில் 24, மேலே 12. மொத்தம் 74 துண்டு. 450 பேர் வருகிற கல்யாணத்தில் இது பெண் வீட்டு நெருங்கிய சொந்தத்துக்கே பத்தாது. ஆக, மேடைக் கேக் எவ்வளவு விலையானாலும், பங்கு வைக்கத் தனியாகக் கேக் வாங்கியே ஆக வேண்டும். இதை எந்தக் கடைக்காரரும் தானாகச் சொல்லவில்லை.

சரி, மேடைக் கேக்குக்கு என்னென்ன வழி என்று பார்ப்போம்.

ஃபாண்டன்ட் மூன்றடுக்கு

இப்போது எல்லாரும் கேட்பது இதைத்தான். சர்க்கரையைப் பிசைந்து, சப்பாத்தி மாவு மாதிரித் தேய்த்து, கேக் மேல் போர்த்துகிறார்கள். வழவழவென்று சுவருக்குப் பட்டி பார்த்தது போல இருக்கும். திருவனந்தபுரத்தில் வீட்டிலிருந்தே செய்கிற ஒரு ஹோம் பேக்கர் கிலோ 1,800 ரூபாய், குறைந்தது 6 கிலோ என்றார். 10,800. கொண்டுவந்து மேடையில் அடுக்கித் தர 2,000 தனி.

அழகில் இதை அடிக்க ஆளில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிலோக் கணக்கில் வாங்கும்போது அந்தச் சர்க்கரைப் போர்வையும் எடையில் சேரும். தட்டில் வைத்தால் பாதிப் பேர் அதை உரித்து ஓரமாகத் தள்ளிவிடுகிறார்கள். கிலோ 1,800 கொடுத்து வாங்கிய சர்க்கரை குப்பைக்குப் போகும். சர்க்கரையில் கையால் செய்யும் ரோஜா, ஆர்க்கிட் கேட்டால் விலை இன்னும் ஏறும், ஏனென்றால் அதில் விலை மாவுக்கு இல்லை, மணிக்கணக்கான வேலைக்கு. வெயிலைக் கிரீமை விட நன்றாகத் தாங்கும் என்றாலும், ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் வேர்த்து, மினுமினுத்து, பிசுபிசுக்க ஆரம்பிக்கும்.

ஃபிரெஷ் கிரீம்

ஊர் பேக்கரியில் கிலோ 900 சொன்னார்கள். பார்த்தவுடன் பாதி விலை. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். கடைகளில் ஃபிரெஷ் கிரீம் என்று கிடைப்பது பெரும்பாலும் பாலாடையே இல்லை, தாவரக் கொழுப்பை நுரைக்க அடித்தது. சாப்பிட லேசாக, நன்றாகவே இருக்கும். பிறந்தநாளுக்கு நான் இதைத்தான் வாங்குவேன்.

கல்யாணத்துக்கு வாங்க மாட்டேன், அதுவும் மே மாதம் ஏசி இல்லாத மண்டபத்துக்கு. சித்தப்பா மகன் கல்யாணத்தில் நடந்ததை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம், அன்று யாரும் சிரிக்கவில்லை. ஆராதனை அரை மணி நேரம் நீண்டது. மேடையில் வீடியோ லைட் நேராகக் கேக் மேல். மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து நிற்கும்போது மேலடுக்கு மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து, நடுவடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டது. ஆல்பத்தில் கேக் வெட்டும் படம் எல்லாமே முகத்துக்கு மேல்தான். செய்து கொடுத்த கடையைச் சொல்லி என்ன பயன், வெயிலுக்கு முன்னால் அது இளகத்தான் செய்யும். ஏசி மண்டபம், மாலை வரவேற்பு, கேக் வந்த அரை மணிக்குள் வெட்டிவிடலாம் என்றால் மட்டும் யோசியுங்கள்.

பட்டர் கிரீம் இதற்கும் அதற்கும் நடுவில். நிஜ வெண்ணெய் போட்டால் நம் வெயிலில் அதுவும் இளகும். இளகாமல் நிற்க வனஸ்பதி வகைக் கொழுப்பைச் சேர்த்தால் மேல் அண்ணத்தில் ஒட்டும். விலை நடுத்தரம், ருசி கடையைப் பொறுத்தது.

டம்மி கேக்

எங்கள் அம்மா காலத்துக் கல்யாணப் படங்களில் வெள்ளைத் தூண் வைத்து நிற்கும் கேக் ஞாபகம் இருக்கிறதா? முட்டை வெள்ளைக்கருவும் பொடித்த சர்க்கரையும் அடித்துப் பூசுகிற ராயல் ஐசிங் அது. காய்ந்தால் சுண்ணாம்பு மாதிரி கெட்டியாகிவிடும். இதே பூச்சை உள்ளே தெர்மாகோல் வைத்துப் பூசி, பழைய பேக்கரிகள் இன்றும் வாடகைக்குத் தருகின்றன. எங்களுக்கு வாடகை 2,500, மேலே வைத்து வெட்ட ஒரு கிலோ நிஜக் கேக்குக்கு 1,000. அட்வான்ஸ் தனி, திருப்பிக் கொடுத்தால் வந்துவிடும்.

"தெர்மாகோலை வெட்டுறதா? நாலு பேர் பார்த்தா என்ன சொல்வாங்க?" என்று அத்தைக்கு முதலில் சங்கடம். பெரிய பெரிய இடங்களிலேயே நடந்ததுதான் இது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சர்க்கரைத் தட்டுப்பாட்டால் 1940-ல் பிரிட்டன் அரசு கேக் மேல் ஐசிங் போடுவதையே தடை செய்தது. அப்போது அங்கே கல்யாண ஜோடிகள் அட்டையிலும் பிளாஸ்டரிலும் செய்த கேக் கூட்டை வாடகைக்கு எடுத்து, அதற்குள் சின்னக் கேக் ஒன்றை ஒளித்து வைத்து வெட்டினார்கள். 1947-ல் இளவரசி எலிசபெத்துக்கு ஒன்பது அடி உயரக் கேக் நின்றபோதும் ரேஷன் தீரவில்லை. அதற்கான பொருட்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து வர வேண்டியிருந்தது. இதைச் சொன்னதும் அத்தை, "ராணி ஊர்லயே அட்டைதானா?" என்று சமாதானமானார்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். டம்மி என்றாலே மலிவு என்பது தப்பு. புதிதாக ஃபாண்டன்ட் போர்த்தி, பூ வைத்து டம்மி செய்யச் சொன்னால், உள்ளே போகும் கேக்கின் செலவு மட்டும்தான் குறையும். போர்வையும் கைவேலையும் அப்படியேதான். நிஜத்துக்கு 10,800 சொன்னவரே ஃபாண்டன்ட் டம்மிக்கு 8,000 என்றார். ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் டம்மியை வாடகைக்கு எடுத்தால்தான் லாபம். முன்னாடியே போய் நேரில் பாருங்கள். பல கல்யாணம் பார்த்த டம்மிகளில் ஓரம் பெயர்ந்து, நிறம் மஞ்சளடித்து இருக்கும்.

அந்த மஞ்சளை மறைக்கப் பூ போதும். தோவாளைச் சந்தை எங்களுக்குப் பக்கம். வெள்ளை ரோஜா, சம்பங்கி, கொஞ்சம் பச்சை இலை என்று மாலைக்கு வாங்கும்போதே சேர்த்து வாங்கினோம். முகூர்த்த நாளில் பூ விலை எகிறும், அப்படியும் சர்க்கரைப் பூவுக்குப் பக்கத்தில் அது காசே இல்லை. கேக் ஜோடிக்கிறவரிடம் ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லுங்கள்: அரளி வேண்டாம், செங்காந்தள் வேண்டாம். இரண்டும் விஷம். மாலையில் அரளி வைத்துப் பழகிய கை கேக்கிலும் வைத்துவிடும். மற்ற பூவிலும் மருந்து அடித்திருப்பார்கள் என்பதால் வெட்டிச் சாப்பிடும் மேலடுக்கில் பூவே வைக்காமல் கீழே மட்டும் சுற்றினோம்.

கப் கேக் கோபுரம் என்று ஒன்று காட்டினார்கள். ஒன்று 60 ரூபாய் என்றால் சின்னத் தொகை மாதிரி கேட்கும். 450-ஆல் பெருக்கினால் 27,000. அதோடு முடிந்தது.

கையில் கொடுக்க என்ன?

இங்கேதான் பெரிய செலவு, பெரிய மிச்சமும் இங்கேதான். எங்கள் பக்கம் கேக்கைச் சின்னத் துண்டாக்கி, பட்டர் பேப்பரில் சுற்றி, தாம்பாளத்தில் வைத்துக் கொடுப்பது வழக்கம். அதற்குப் பிளம் கேக்கை விட்டால் வேறு சரியானது இல்லை. கிரீம் இல்லாததால் ஒழுகாது, முன்கூட்டியே வாங்கி வைக்கலாம், பஸ்ஸில் ஊர் போகிறவர் பையிலும் நசுங்காது. துண்டுக்கு 40 கிராம் என்றால் கிலோவுக்கு 25. எனவே 450 பேருக்கு 18 கிலோ. பேக்கரியில் கிலோ 600. 10,800 ரூபாய். இதையே 60 கிராம் துண்டாக்கினால் 27 கிலோ, 16,200. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத 20 கிராமில் 5,400 ரூபாய் போகிறது. வெட்டுகிறவர் யார், எந்த அளவில் என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

வீட்டிலேயே செய்தால்? நல்ல வெண்ணெய், முந்திரி, உலர்திராட்சை போட்டும் எங்கள் கணக்கில் கிலோவுக்கு 300 ரூபாய்ச் சாமான். மாவைக் கலந்து கொண்டுபோனால் கூலி வாங்கிக்கொண்டு அடுப்பில் வைத்துத் தருகிற பேக்கரி பக்கத்தில் இருந்தால், கூலி நீங்கலாகப் பாதிதான் செலவு. ருசியில் கடைக் கேக் கிட்டேகூட வராது. கடையில் செர்ரி என்று போடுவது பல நேரம் சாயம் ஏற்றிய களாக்காய், டூட்டி ஃப்ரூட்டி என்பது பச்சைப் பப்பாளி. வீட்டில் திராட்சையையும் பேரீச்சையையும் முன்பே ஊறப் போடலாம். எங்கள் வீட்டில் ரம் கிடையாது, திராட்சை ஜூஸ்தான். அதில் ஊறுவதை மட்டும் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்.

ஆனால் 18 கிலோ என்றால் 72 முட்டை, பல கிலோ பழம் நறுக்கல், சர்க்கரையைக் கருக்கிப் பாகு எடுப்பது, அது கொஞ்சம் தாண்டினால் மொத்தமும் கசப்பு. கல்யாண வீட்டில் இரண்டு நாள், நாலு ஆள். இதற்கு முன் பத்துக் கிலோவாவது செய்து பழகிய ஒரு பெரியம்மா வீட்டில் இருந்தால் துணிந்து இறங்குங்கள். எங்களுக்கு இல்லை. பேக்கரியிலேயே வாங்கினோம்.

முட்டை சாப்பிடாத விருந்தாளிகள் வருவார்கள் என்று மொத்தத்தையும் எக்லெஸ் ஆக்கினால் பெரும்பாலான கடைகளில் கிலோவுக்குக் கூடுதல். இரண்டு கிலோ மட்டும் தனியாக வாங்கி, வேறு நிறத் தாளில் சுற்றினால் போதும்.

தூத்துக்குடி மக்ரூன் கொடுத்தால் என்ன என்று மச்சான் கேட்டார். முட்டை வெள்ளைக்கரு, முந்திரி, சர்க்கரை, ருசிக்குக் குறைவே இல்லை. காற்றுப்பட்டால் நமுத்துவிடும், கூட்டத்தில் நொறுங்கும். வேண்டாம் என்று விட்டோம். முதலூர் மஸ்கோத் அல்வா யோசனை எனக்குப் பிடித்தது. அத்தைக்குப் பிடிக்கவில்லை. கல்யாணத்தில் கேக் கொடுக்காவிட்டால் பேச்சு வரும் என்றார்.

பில் போடும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கேக் மீதான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய சதவீதத்தில் மதிப்பீடு எழுதித் தருகிறவர்களும் உண்டு.

கடைசியில் எங்கள் கணக்கு: டம்மி வாடகை 2,500, வெட்ட 1,000, பிளம் கேக் 10,800. மொத்தம் 14,300. ஃபாண்டன்ட் எடுத்திருந்தால் அதே பிளம் கேக்கோடு 23,600 ஆகியிருக்கும். மிச்சம் 9,300. அந்தப் பணம் ஐஸ்கிரீமுக்குப் போனது.

மறுநாள் டம்மியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு நடுவடுக்கின் பின்பக்கம் விரலை வைத்துக் காட்டினார். அங்கே வரிசையாக மூன்று ஓட்டை, ஒவ்வொன்றும் ஒரு சின்ன விரல் அளவு. ஐசிங்கை நக்கிப் பார்த்திருக்கிறார்கள். அட்வான்ஸில் 200 ரூபாய் பிடித்துக்கொண்டார்.