பேனாவும் போனும்: வரைவது எங்கே, செய்வது எங்கே?

லாமி சஃபாரி பேனா 1980-இல் வந்தது. இன்றும் அது ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில், கம்பெனியின் சொந்த ஆலையில்தான் தயாராகிறது. மூடியின் கம்பிக் கிளிப் சரியாகப் பிடிக்கவில்லையா? வரைபவர் மாதிரியைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்கே போய்விடலாம்.

ஐபோன் வேறு ரகம். பழைய மாடலின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். கலிபோர்னியாவில் வடிவமைப்பு, சீனாவில் பாகங்களைப் பூட்டியது என்று பொடி எழுத்தில் இருக்கும். வரைபடத்தை அனுப்பினால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஷாங்காய்க்கு ஆப்பிள் தினமும் 50 பிசினஸ் கிளாஸ் சீட் எடுத்தது 2019-இல் வெளியே தெரிந்தது. அலுமினியத்தின் விளிம்பு எப்படி வரும் என்பதை ஆலையில் நின்றுதானே பார்க்க வேண்டும்!

கோடிக்கணக்கில் போன் செய்ய ஹைடல்பர்க் வழி தாங்காது, சரி. பேனா போன்ற சின்னப் பொருளுக்கு என் ஓட்டு அதற்கே.