லாக்டோஸ் பரிசோதனை: ஊதுவதா, ஊசியா?

பால் குடித்தால் வயிறு உப்புசம், சமயத்தில் கழிப்பறைக்கு ஓட்டம். பாலில் இருக்கும் சர்க்கரையான லாக்டோஸ்தான் காரணமா என்று பார்க்க டாக்டர் இரண்டு வழி சொன்னார்: ரத்தப் பரிசோதனை, மூச்சுப் பரிசோதனை. நான் மூச்சையே எடுத்துக்கொண்டேன். இன்னொரு முறை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றில் 50 கிராம் லாக்டோஸ் கரைசலைக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம்வரை அவ்வப்போது ஊசி குத்தி ரத்தம் எடுப்பார்கள். ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராம்கூட ஏறவில்லை என்றால் லாக்டோஸ் செரிக்கவில்லை என்று கணக்கு. நீரிழிவு இருந்தாலோ, இரைப்பை மெதுவாகக் காலியானாலோ இந்தக் கணக்கு குழம்பிவிடும்.

மூச்சுப் பரிசோதனைக்கும் கரைசல் உண்டு, பல இடங்களில் 25 கிராம். செரிக்காத லாக்டோஸைப் பெருங்குடல் பாக்டீரியா நொதிக்கவைக்கும்போது வரும் ஹைட்ரஜன், ரத்தம் வழியாக நுரையீரலுக்கு வந்துவிடும். அவ்வப்போது ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். ஆரம்ப அளவைவிட 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) கூடினால் பாசிட்டிவ். ஒவ்வொரு ஊதலுக்கும் பக்கத்தில் வயிற்றுவலி, இரைச்சல், உப்புசம் எல்லாம் குறிக்கப்படும். செரிக்காமலேயே தொந்தரவில்லாமல் இருப்பவர்களும் உண்டு என்பதால், எண்ணைவிட அந்தக் குறிப்பு எனக்கு முக்கியமாகப் பட்டது.

ஆனால் இதில் முடிவு கெடுவதும் நிலைப்பதும் முன்தயாரிப்பில்தான். ஆன்டிபயாடிக் சாப்பிட்டு நான்கு வாரம் ஆகியிருக்க வேண்டும்; குடலைச் சுத்தம் செய்யும் மருந்து குடித்திருந்தாலும் தள்ளிப்போட வேண்டும். பாக்டீரியா குறைந்தால் வாயுவும் குறையும், ‘ஒன்றுமில்லை’ என்று பொய்யாக வரும். முந்தைய நாள் பயறு, முழுதானியம் போன்ற நார்ச்சத்து கூடாது. இல்லையென்றால் முதல் ஊதலிலேயே ஹைட்ரஜன் ஏறிக் கிடக்கும். அன்று காலை சிகரெட்டும் உடற்பயிற்சியும் வேண்டாம். இன்னொன்று: சிலர் குடலில் ஹைட்ரஜன் மீத்தேனாக மாறிவிடும். கருவி மீத்தேனையும் அளக்குமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

மரபணுப் பரிசோதனையை நான் செய்துகொண்டதில்லை. பரம்பரையாக வரும் லாக்டோஸ் செரிக்காத குறைபாட்டை அது காட்டலாம். குடல் தொற்றுக்குப் பின் தற்காலிகமாக வருவதைக் காட்டாது. கைக்குழந்தைகளுக்கோ மலத்தின் அமிலத்தன்மையைப் பார்ப்பதுண்டு.

மூச்சுப் பரிசோதனை இரண்டு, மூன்று மணி நேரம் இழுக்கும். பாசிட்டிவ் என்றால் வயிறு அதோடு அடங்காது. அன்று மதியம் பயணம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.