பெட்டாடினா, குளோர்ஹெக்சிடினா? கத்தி வைக்கும் முன் தோலில் எதைத் தடவுவது?

சேலம் அஞ்சு ரோடு பக்கத்து ஆஸ்பத்திரிகளில், ஆபரேஷன் முடிந்தவரின் வயிற்றில் பழுப்புக் கறையைப் பார்த்ததும் "இன்னும் பழைய பெட்டாடின்தானா?" என்று சலித்துக்கொள்ளும் சித்தப்பா ஒருவராவது இருப்பார். பழுப்பு என்றால் போவிடோன் அயோடின், அதாவது பெட்டாடின். அதன் போட்டியாளர் குளோர்ஹெக்சிடின்.

இரண்டும் கிருமியைக் கொல்லும், வழிதான் வேறு. அயோடின் பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ் எதையும் விடாது. ஆனால் ரத்தமும் சீழும் பட்டால் அதன் வேகம் குறையும். குளோர்ஹெக்சிடின் தோலோடு ஒட்டி, பல மணி நேரம் வேலை செய்யும். நிறமில்லாததால் எங்கே தடவினோம், எங்கே விட்டோம் என்று தெரியாது. அதற்காகவே சாயம் சேர்த்து விற்கிறார்கள்.

2010இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில் அயோடின் பக்கம் 16.1% பேருக்குத் தொற்று, குளோர்ஹெக்சிடின் பக்கம் 9.5%. அதோடு பெட்டாடின் கதை முடிந்தது என்றார்கள். எனக்கு அதில் ஒரு குறை தெரிகிறது: குளோர்ஹெக்சிடினை ஸ்பிரிட்டில் கலந்திருந்தார்கள், அயோடினைத் தண்ணீரில். ஜெயித்தது ஸ்பிரிட்டாகவும் இருக்கலாமே! 2024இல் சுவிட்சர்லாந்தில் இரண்டையுமே ஸ்பிரிட்டில் கலந்து பார்த்தபோது அயோடின் 5.1%, குளோர்ஹெக்சிடின் 5.5%; வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். அதே ஆண்டு வெளியான எலும்பு முறிவு ஆய்வில், தோல் கிழியாத முறிவுகளில் அயோடின்தான் முந்தியது: அயோடின் பக்கம் தொற்று 2.4%, குளோர்ஹெக்சிடின் பக்கம் 3.3%.

ஸ்பிரிட் இருந்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. இந்தியாவும் சேர்ந்த ஏழு நாடுகளின் 2021 ஆய்வில், ஸ்பிரிட் கலந்த குளோர்ஹெக்சிடினால் தண்ணீர் அயோடினை மிஞ்ச முடியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது என்னவோ ஸ்பிரிட் கலந்த குளோர்ஹெக்சிடினைத்தான்.

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எங்காவது பைக்கோடு சறுக்கி, எலும்பு வெளியே தெரிய வருகிறவர் கணக்கே வேறு. திறந்த புண்ணுக்குள் ஸ்பிரிட் போகக்கூடாது. தண்ணீரில் கலந்த இரண்டையும் இப்படிப்பட்ட முறிவுகளில் ஒப்பிட்டு 2022இல் வெளியான ஆய்வில் இரு பக்கமும் 7% தான். அங்கே நான் கையில் இருக்கும் அயோடினையே எடுப்பேன். கண், காது ஆபரேஷனுக்கும் அப்படியே: குளோர்ஹெக்சிடின் கருவிழியையும் உட்காதையும் கெடுக்கும். கண்புரை ஆபரேஷனுக்கு முன் கண்ணில் விடுவது 5% அயோடின்.

மூடிய தோலுக்கு என்றால் ஸ்பிரிட் கலந்த இரண்டில் எதுவும் சரி. ஒழுங்காகத் தடவ வேண்டும், குறைந்தது 3 நிமிடம் காயவிட வேண்டும். முடி அடர்ந்த இடத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகும். ஈரம் காயாமல், மின்சாரத்தால் சுட்டு அறுக்கும் மின்கத்தியை வைத்தால் தீப்பிடிக்கலாம். சித்தப்பா கேட்பதானால், முடியை பிளேடால் மழித்தார்களா, கிளிப்பரால் கத்தரித்தார்களா என்று கேட்கட்டும். பிளேடு போடும் பொடிக் கீறல்களில் கிருமி குடியேறும்.