மருந்துப் பரிசோதனைக்கு ஆள் சேர்க்கிற ஏஜென்ட்டை நம்பிப் போகாதீங்க: எனக்கு 18,000 ரூபாய் போச்சு

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் பக்கம் இருக்கிற பசங்க யாராவது "சென்னையில ரெண்டு தடவை போயித் தங்கினா பணம்"ங்கிற பேச்சைக் கேட்டுக் கிளம்புறதா இருந்தா, பையைக் கட்டுறதுக்கு முன்னாடி இதை முழுசாப் படிங்க. நேத்து சாயங்காலம் அந்த ஆளு என் மூஞ்சிக்கு நேரா சொன்ன பதிலைக் கேட்டதுல இருந்து ராத்திரி பூரா தூக்கம் இல்ல. என்ன செய்யணும், செய்யக்கூடாதுங்கிறதைக் கடைசியில எழுதுறேன். முதல்ல நடந்ததைச் சொல்லிடுறேன்.

எனக்கு வேலை, தரைக்குப் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் செய்யுற பட்டறையில. கண்ணாடி மேல அச்சை வச்சுக் கலர் ஊத்துற வேலை. ஐப்பசி மழை பிடிச்சுக்கிட்டா கல் காயாது, வாரத்துல மூணு நாள் வேலை கிடைச்சாப் பெருசு. இந்த வருஷம் தங்கச்சிய நர்சிங் சேர்த்திருக்கோம். அவளுக்கு ரெண்டாவது தவணை 18,000 ரூபாய் கட்டணும். அந்த நேரம் பார்த்துத்தான் அந்த ஆளு டீக்கடையில என் பக்கத்துல வந்து உட்கார்ந்தாரு.

வெளியூர்க்காரரா இருந்தா நான் காதுலயே வாங்கியிருக்க மாட்டேன். இவரு எங்க தெருவுக்கு நாலு தெரு தள்ளி இருக்கிறவரு. எங்கப்பா இறந்தன்னைக்கு ராத்திரியோட ராத்திரியா பந்தலுக்கு ஆள் பிடிச்சு, கேதத்துக்கு வந்தவங்களுக்கு டீ வாங்கிக் குடுத்து, மறுநாள் காடு வரைக்கும் கூட வந்தவரு. எங்கம்மா இன்னைக்கும் அதைச் சொல்லும். "அண்ணே, இது ஒண்ணும் ஆபத்து இல்லையே?"ன்னு கேட்டேன். "உங்கப்பனைத் தூக்குன தோளுடா இது, உன்னைய ஆபத்துல விடுவேனா? பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் மேல சத்தியமா ஒண்ணும் ஆகாது. மருந்து ஏற்கெனவே கடையில விக்கிறதுதான். 18,000 ரூபா, சொளையா உன் கையில"ன்னாரு. அதுக்கு மேல நான் என்ன கேட்கிறது? பதிவுச் செலவுன்னு 1,500 ரூபா கேட்டாரு. கடன் வாங்கிக் குடுத்தேன்.

விடியக்காலைப் பல்லவன் ரயில்ல ஏறிப் போனோம், எங்க பக்கத்துல இருந்து அஞ்சு பேரு. சென்னைக்கு வெளிய இருக்கிற ஒரு பரிசோதனை மையம். பேரு எழுத மாட்டேன், எழுதினா வேற மாதிரி பிரச்சினை வரும். ரத்தம், சிறுநீர், ஈ.சி.ஜி., எக்ஸ்ரே எல்லாம் எடுத்தாங்க. வயசு 18க்கு மேல 45க்குள்ள இருக்கணும், 90 நாளைக்குள்ள வேற ஆய்வுக்குப் போயிருக்கக் கூடாதுன்னாங்க. அப்புறம் ஒரு ஹால்ல உட்கார வச்சு ஒருத்தர் படிவத்தைப் படிச்சாரு. தமிழ்லதான் படிச்சாரு, பொய் சொல்லக் கூடாது. ஆனா பதினாலு பக்கத்தையும் அவசர அவசரமா வாசிச்சிட்டாரு. சிகரெட், சாராயம், காபி, டீ, பம்ளிமாஸ் கூடாதுன்னது ஞாபகம் இருக்கு. "மருந்து எதுவும் எடுக்கக் கூடாது"ன்னும் சொன்னாரு. எனக்கு அது டாக்டர் எழுதிக் குடுக்கிற மருந்துன்னுதான் மனசுல பட்டுச்சு. கையெழுத்துப் போட்டோம். எங்களுக்குக் குடுக்க வேண்டிய நகலை அஞ்சு பேருக்கும் சேர்த்து ஏஜென்ட் வாங்கித் தன் பையில வச்சுக்கிட்டாரு. "தொலைச்சிருவீங்க, நான் பத்திரமா வச்சிருக்கேன்"ன்னாரு. அந்தப் பேப்பரை அன்னைக்கு விட்டதுதான் நான் செஞ்ச பெரிய தப்பு.

முதல் பாதிய ஒழுங்கா முடிச்சேன். ராத்திரி பூராவும் பட்டினி, பத்து மணி நேரம். காலையில கையில ஊசி ஏத்தி வச்சு, 240 மில்லி தண்ணியோட மாத்திரைய முழுங்க வச்சு, வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடிச்சு நாக்குக்கு அடியில பார்த்தாங்க. நாலு மணி நேரம் சாய்ஞ்சு படுக்கக் கூடாது. கால் மணிக்கு ஒரு தடவை, அரை மணிக்கு ஒரு தடவைன்னு மொத்தம் 22 தடவை ரத்தம் எடுத்தாங்க. அது ரத்தம் கட்டாம இருக்கிறதுக்கான மாத்திரைன்னு பக்கத்துக் கட்டில்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரு முழங்கைக்குள்ள பழைய ஊசித் தழும்பு வரிசையா இருந்துச்சு. அதைப் பார்த்தப்பவே வயித்தக் கலக்குச்சு. ஞாயித்துக்கிழமை வெளிய விட்டாங்க. ஏழு நாள் கழிச்சு ரெண்டாவது பாதி, அது முடிஞ்சதும் பணம்.

ஊருக்கு வந்த அஞ்சாம் நாள் காய்ச்சல். மழையில பட்டறைக்குப் போயிட்டு வந்தது. தலை வெடிக்கிற மாதிரி வலி. அப்பத்தா மிளகுக் கசாயம் வச்சுக் குடுத்துச்சு, கேட்கல. மாத்திரை போடலாமான்னு சந்தேகம் வந்து ஏஜென்ட்டுக்குத்தான் போன் போட்டேன். அவரு சொன்னது வார்த்தைக்கு வார்த்தை இதுதான்: "மெடிக்கல்ல சீட்டில்லாம வாங்குறதெல்லாம் ஒரு மருந்தாடா? போட்டுட்டுப் படு. உள்ள கேட்டா போடலன்னு சொல்லிரு."

பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கல்ல காய்ச்சலுக்கும் தலைவலிக்கும்னு கேட்டேன். ஒரு அட்டையில ஆறு வெட்டிக் குடுத்தாங்க. ஐபுபுரோஃபென், பாராசிட்டமால் ரெண்டும் கலந்தது. ரெண்டு போட்டேன், காய்ச்சல் விட்டுச்சு. மிச்சம் நாலைப் பையிலயே போட்டு வச்சேன், அங்க தங்குறப்ப தலை வலிச்சா ஆகும்னு.

ரெண்டாவது தடவை உள்ள போறப்ப ஒரு டாக்டரம்மா ஒவ்வொருத்தரா உட்கார வச்சுக் கேட்டாங்க. "இந்த வாரத்துல காய்ச்சல், சளி ஏதாவது? மாத்திரை ஏதாவது போட்டீங்களா? கடையில வாங்கினது, கசாயம், லேகியம் எதுவா இருந்தாலும் சொல்லுங்க." கடையில வாங்கினதுன்னு அவங்க வாயால கேட்டப்பதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. பையில இருந்த அட்டைய எடுத்து மேசையில வச்சிட்டேன். பொய் சொல்லியிருந்தா பணம் வந்திருக்கும்னு இப்ப எல்லாரும் சொல்றாங்க. சொல்லட்டும். நான் உண்மையச் சொன்னதுக்கு வருத்தப்படல.

அந்தம்மா மேலயும் எனக்குக் கோபம் இல்ல. அவங்கதான் முதல் தடவையா மனுசனுக்குச் சொல்ற மாதிரி சொன்னாங்க. ரத்தம் கட்டாம வைக்கிற மாத்திரையோட ஐபுபுரோஃபென் சேர்ந்தா வயித்துக்குள்ள ரத்தக்கசிவு வர வாய்ப்பு கூடும், பையில இருந்த நாலையும் இங்க யாருக்கும் தெரியாமப் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு கேட்டாங்க. எனக்குக் கை கால் வெலவெலத்துப் போச்சு. உங்களை ஆய்வுல வச்சிருக்க முடியாதுன்னு எழுதிக் கையெழுத்து வாங்கினாங்க. சரிதான், ஒத்துக்கிட்டேன்.

பணம் குடுக்கிற இடத்துலதான் இன்னொரு முகத்தைப் பார்த்தேன். "விதிய மீறிட்டீங்க, பேமென்ட் கிடையாது." முதல் பாதி முடிச்சிருக்கேனே, 22 தடவை ரத்தம் குடுத்திருக்கேனேன்னேன். "முழுசா முடிச்சாத்தான்." என் படிவத்தோட நகலைக் குடுங்கன்னேன். "உங்க ஏஜென்ட்கிட்ட குடுத்தாச்சு." ரயில் சார்ஜாவது? "அதையும் ஏஜென்ட்கிட்ட கேளுங்க." எழும்பூர்ல அன்ரிசர்வ்ட் பெட்டியில நின்னுக்கிட்டே வந்தேன்.

இது நடந்து மூணு வாரம் ஆச்சு. மையத்துக்கு எத்தனை தடவை போன் போட்டேன்னு கணக்கு இல்ல. ஆள் சேர்க்கிற பிரிவுல கேட்டா அக்கவுன்ட்ஸ்ல கேளுங்கன்னு, அக்கவுன்ட்ஸ்ல கேட்டா சார் மீட்டிங்ல இருக்காருன்னு, சாரு வந்தா வெள்ளிக்கிழமை கூப்பிடுங்கன்னு. வெள்ளிக்கிழமை கூப்பிட்டா "எந்த ஆய்வு, உங்க நம்பர் என்ன"ன்னு முதல்ல இருந்து ஆரம்பிக்கிறாங்க. அந்த நம்பர் எல்லாம் இருக்கிற பேப்பர் என் கையில இல்லைன்னு அவங்களுக்கே தெரியும். ஏஜென்ட் போனை எடுக்கிறதே இல்ல. வாட்ஸ்அப்ல படம்கூடத் தெரியல, பிளாக் பண்ணிட்டாரு.

இதையெல்லாம் கேட்டுட்டுத் தங்கச்சி காலேஜ்ல மேடம்மாருங்ககிட்ட விசாரிச்சுட்டு வந்து எனக்கு விளக்குச்சு. ஒரே மருந்தை ரெண்டு கம்பெனி செய்யுது. ரெண்டும் ரத்தத்துல ஒரே அளவு ஏறுதான்னு பார்க்கிறதுதான் இந்த ஆய்வு. என் முதல் பாதிய என்னோட ரெண்டாவது பாதியோடதான் ஒப்பிடுவாங்க. நடுவுல ஏழு நாள் விடுறதே முதல் மருந்து உடம்புல இருந்து சுத்தமாப் போறதுக்கு. அந்த நேரத்துல நம்ம இஷ்டத்துக்கு ஒண்ணைப் போட்டுட்டா அந்தக் கணக்கே கெட்டுப்போகும். வயித்தெரிச்சலுக்குக் குடிக்கிற ரோஸ் கலர் திரவம்கூடச் சில மருந்தை வயித்துலயே பிடிச்சு வச்சுக்கும், ரத்தத்துக்கு ஏற விடாதாம். அப்பத்தா வச்ச கசாயத்துல இருக்கிற மிளகுகூட, அதுல உள்ள பைப்பரின் சில மருந்துகளை ரத்தத்துல கூடுதலா ஏத்திரும்னுச்சு. நம்ம பக்கம் மிளகு இல்லாம ஒரு குழம்பு கிடையாது. உள்ள எல்லாருக்கும் ஒரே சாப்பாடு ஏன் அளந்து போட்டாங்கன்னு அப்பதான் புரிஞ்சுச்சு. இவ்வளவையும் ஒரு முதல் வருஷ நர்சிங் பொண்ணு கால் மணி நேரத்துல எனக்குப் புரிய வைக்க முடியுதுன்னா, அந்த ஹால்ல இருந்தவங்களுக்கு ஏன் முடியல?

இன்னொண்ணும் சொல்லுச்சு. 2019ல மத்திய அரசு கொண்டுவந்த புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனை விதிகள்னு ஒண்ணு இருக்கு. அதன்படி, கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவ நகலை நம்மகிட்டயே குடுக்கணும், இடையில நின்னா எவ்வளவு கிடைக்கும்னு அதோட குடுக்கிற தகவல் தாள்ல இருக்கணும். ஆய்வால உடம்புக்கு ஏதாவது ஆனா மருத்துவமும் நஷ்டஈடும் உண்டு. நடுவுல வெளிய வந்தாலும், கலந்துக்கிட்ட அளவுக்கு ஏத்த மாதிரி பணம் குடுக்கணும்னு ஐ.சி.எம்.ஆர்.ங்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட வழிகாட்டு நெறியே சொல்லுதாம். நான் 18,000 முழுசாக் கேட்கல. முடிச்ச பாதிக்குத்தான் கேட்கிறேன். என் ரத்தத்தை அவங்க திருப்பித் தரல இல்ல?

நேத்து சாயங்காலம் அதே டீக்கடையில அந்த ஆளைப் பிடிச்சேன். புதுசா ரெண்டு பசங்களோட உட்கார்ந்திருந்தாரு. "அண்ணே, நீங்கதானே போடச் சொன்னீங்க?"ன்னேன். "நான் என்ன டாக்டராடா? நீ போட்ட மாத்திரைக்கு நான் பொறுப்பா?"ன்னாரு. என் பேப்பரைக் குடுங்கன்னேன், வீடு மாத்துனதுல காணாமப் போச்சுன்னாரு. 1,500 ரூபாயக் கேட்டேன், அது கம்பெனிக்குக் கட்டினதுன்னாரு. அந்த ரெண்டு பசங்ககிட்ட "இவனுக்கு ஒழுங்கா இருக்கத் தெரியல"ன்னு சொல்லிக்கிட்டே எந்திரிச்சுப் போனாரு. எங்கப்பனைத் தூக்குன தோளு. எங்கம்மாகிட்ட இதை இன்னும் சொல்லல.

18,000 ரூபாய், கூட அந்த 1,500, பட்டறையில விட்ட ஒன்பது நாள் சம்பளம். தங்கச்சி ஃபீசுக்கு முதலாளிகிட்ட அட்வான்ஸ் கேட்டிருக்கேன், பார்க்கலாம்னாரு.

என்ன செய்யணும்னு எழுதுறேன்னு சொன்னேன். பட்டறைக்கு நேரமாச்சு, முக்கியமானதை மட்டும் சொல்றேன். கையெழுத்துப் போட்ட பேப்பரை யாருகிட்டயும் குடுக்காதீங்க, அங்கயே போன்ல படம் எடுத்துக்கங்க. ஆய்வுக்குப் போறவங்களோட பாதுகாப்பைப் பார்க்கிற நெறிமுறைக் குழு நம்பர் அதுலதான் இருக்கும். ஆய்வுக்கு சி.டி.ஆர்.ஐ. (மருத்துவப் பரிசோதனைகளைப் பதிவு செய்யுற தேசியப் பதிவேடு) பதிவு எண் என்னன்னு கேளுங்க. பதிவுச் செலவுன்னு எவனாவது பணம் கேட்டா எந்திரிச்சு வந்துருங்க. காய்ச்சல் வந்தா ஏஜென்ட்டுக்குப் போன் போடாதீங்க, மையத்து டாக்டர் நம்பரை முதல் நாளே வாங்கி வச்சு அவங்களைக் கேளுங்க. மெடிக்கல்ல வாங்கினது, கசாயம், சூரணம் எல்லாமே மருந்துதான். போட்டிருந்தா மறைக்காமச் சொல்லிடுங்க, பணம் போனாலும் பரவாயில்ல.

அந்த ரெண்டு பசங்களும் புதன்கிழமைப் பல்லவன்ல கிளம்புறதாக் கேள்வி. ஒருத்தன் பச்சைச் சட்டை, கழனிவாசல் பக்கம்னு டீக்கடைக்காரர் சொன்னாரு. தெரிஞ்சவங்க யாராவது இதை அவன்கிட்ட காட்டுங்க.