பழைய ஆபீஸ் நாற்காலி: ரெக்சினா, துணியா? அதற்கும் முன்னால் ஃபோம்

கம்பெனிகள் இடம் மாறும்போது கழித்துவிடும் நாற்காலிகள் சென்னையின் பழைய ஃபர்னிச்சர் கடைகளில் வரிசையாக நிற்கும். அடிப்பாகமும் சக்கரமும் உறுதியாக இருக்கும். மேலுறை மட்டும் செதில் செதிலாக உரிந்து பேன்ட்டில் ஒட்டும். அப்படி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்ன துணி போடலாம்?" இதுவரை மூன்று நாற்காலிகளுக்கு வீட்டிலேயே உறை மாற்றியிருக்கிறேன். அந்தக் கேள்வியை இரண்டாவதாகத்தான் கேட்க வேண்டும் என்பேன். எட்டு மணி நேரம் உடம்பைத் தாங்குவது உள்ளே இருக்கும் ஃபோம்.

பழைய ஃபோமை வைத்துக்கொள்வதா, புதிதாகப் போடுவதா? நல்ல ஆபீஸ் நாற்காலியில் இருப்பது அச்சில் வார்த்த ஃபோம். தொடைக்குக் கீழே வரும் முன்விளிம்பு அதில் வளைந்து இறங்கும். கடையில் வெட்டித் தரும் தட்டை ஃபோமுக்கு அந்த வளைவு கிடையாது. அதனால் பழையது உயிரோடு இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். முஷ்டியால் அழுத்திக் கையை எடுங்கள். உடனே எழும்பினால் நல்லது. விரலால் தேய்த்ததும் மஞ்சள் பொடியாக உதிர்ந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. உறையைப் பிரிக்கும்போதே ஸ்டேப்ளர் பின் வரிசையையும் மடிப்புகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள், மூட்டைப்பூச்சி ஒளியும் இடம் அதுதான். இந்த வேலையை வீட்டுக்குள் செய்யாதீர்கள், மொட்டை மாடியில் செய்யுங்கள். ஆனால் ஃபோமை வெயிலில் நாள்கணக்கில் காயப்போடக் கூடாது. வெயில் பட்டால் அது மஞ்சளாகி நொறுங்க ஆரம்பிக்கும்.

புதிதுதான் என்றால் கடையில் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்பார்கள். ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை அத்தனை கிலோ என்று அர்த்தம். இதை வீட்டிலேயே சரிபார்க்கலாம்: 50 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 5 செ.மீ. கனமுள்ள துண்டு 40 டென்சிட்டியாக இருந்தால் அரை கிலோ நிற்கும், 32 என்றால் 400 கிராம். சமையலறைத் தராசு போதும். கையால் அமுக்கிப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். கெட்டியாக இருப்பதும் அடர்த்தியாக இருப்பதும் வேறு வேறு. கெட்டியான மலிவு ஃபோம் சில மாதங்களில் குழி விழும். தினமும் உட்காரும் நாற்காலிக்கு 40க்குக் கீழே போகவே மாட்டேன். ஃபோம் துணுக்குகளை ஒட்டி அழுத்திச் செய்யும் ரீபாண்டட் மட்டும் போட்டால் பலகையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதை 1 அங்குலம் அடியிலும் 40 டென்சிட்டியை 2 அங்குலம் மேலேயும் வைத்தால் இரண்டின் குணமும் கிடைக்கும். முன்விளிம்பின் அடிப்பக்கத்தைக் கத்தியால் சரிவாகச் சீவிவிடுங்கள், தொடையில் அழுத்தாது.

இனி உறை. ரெக்சின் என்று நாம் சொல்வது பெரும்பாலும் துணிமேல் பி.வி.சி. பூசியது. லெதர் மாதிரியே மிருதுவாக, பார்க்க அழகாக இருப்பது பி.யூ. (பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்) பூசியது. கடையில் பி.யூ. மனதை இழுக்கும். ஆனால் காற்றின் ஈரமும் வியர்வையும் அந்தப் பூச்சைச் சிதைக்கும். கடலோர ஊரில் மலிவு ரகம் சில வருடத்தில் தோல் உரியும். நாம் வாங்கிய நாற்காலி உரிந்ததும் பெரும்பாலும் அதனால்தான், அதையே திரும்பப் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. பி.வி.சி. இன்னும் தாங்கும். காபி கொட்டினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம், சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அது பெரிய ஆறுதல். குறை என்னவென்றால் காற்றே புகாது. ஏசி இல்லாத அறையில் மே மாதத்தில் முதுகு நனைந்துவிடும்.

எனவே என் தேர்வு சோபாவுக்குப் போடும் பாலியஸ்டர் நெசவுத் துணி. கறை படியும், தூசி சேரும், ஆனாலும் உட்கார இதமாக இருக்கும். புதிதாகச் செய்பவர்களுக்கு இன்னொரு வசதி, துணி மூலையில் சொன்ன பேச்சைக் கேட்கும். ரெக்சின் மூலையில் மடிந்து நிற்கும். பத்து நிமிடம் வெயிலில் போட்டு இளக்கித்தான் இழுக்க வேண்டும். சீட்டுக்கு மட்டும் முக்கால் மீட்டர், முதுகும் சேர்ந்தால் ஒன்றரை மீட்டர் வாங்குங்கள். வலை முதுகுள்ள நாற்காலியில் அந்த வலையை வீட்டில் மாற்ற முயல வேண்டாம், அந்த இறுக்கம் கையால் வராது.

வீட்டிலா, குஷன் கடையிலா? அடியில் பிளைவுட் இருந்தால் தயங்காமல் வீட்டில் செய்யலாம். கை ஸ்டேப்ளர் கன், 8 மி.மீ. பின், போல்ட்டைக் கழற்றும் அறுகோணச் சாவியான ஆலன் கீ, இவ்வளவுதான் தேவை. முதலில் நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வொரு பின், பிறகு நடுவிலிருந்து மூலையை நோக்கி. ஒரு பக்கத்தை முழுதாக அடித்துவிட்டு எதிர்ப்பக்கத்தை இழுத்தால் துணி கோணிக்கொள்ளும். ஃபோமைப் பலகையில் ஒட்ட ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வந்தபின் சேர்க்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்த நெடி தலையைப் பிடிக்கும். தையல் போட்டு ஓரத்தில் பைப்பிங் (குழாய் மாதிரி உருண்ட விளிம்பு) வைத்த உறை என்றால் கடைதான் சரி. அப்போதும் ஃபோமையும் துணியையும் நீங்களே வாங்கிக் கொடுத்து, கூலி மட்டும் பேசுங்கள். உள்ளே என்ன போனது என்பது உறை மூடிய பிறகு யாருக்கும் தெரியாது.

பின் அடிக்கும் முன்பு போல்ட் துளைகள் எங்கே இருக்கின்றன என்று பலகையின் அடியில் சாக்பீஸால் குறித்துவையுங்கள். துணி மூடியபின் தேடுவது கஷ்டம். அந்த இடத்தில் கத்தரியால் குத்தாமல் சூடு காட்டிய ஆணியால் துளையிட்டால் பாலியஸ்டர் உருகி ஓரம் கட்டிக்கொள்ளும், நூல் பிரியாது.